விடுமுறை உலா: போரிவலிக் காட்டில் ஒரு காலை

சென்ற இதழில் எலிபெண்டாத் தீவைக் குறித்து எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர் சங்கத்து வாயிலில் நம்மை மறித்து, "ஐயா, படகுக் கட்டணமும் பிள்ளைகளின் தின்பண்டச் செலவும் சேர்ந்து மாதக் கடைசியில் எங்களைத் தவிக்க வைத்துவிட்டன. ரயில் சீட்டோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிற இடம் ஒன்று சொல்லுங்கள். வயதானவர்களும் நடக்கத்தக்கதாக இருக்கட்டும்" என்றார். நியாயமான கோரிக்கைதான். நம் வீட்டிலும் வயதானவர் ஒருவர் இருக்கிறார். ஆகவே இம்மாதம் போரிவலிக் காட்டுக்குச் செல்வோம்.

போரிவலியில் காடா என்று வியப்போர் நம்மவரில் பலர் உண்டு. வியப்பதற்கில்லை. மேற்கு ரயில்வேயின் புறநகர் வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு எதிரே நிற்பவரின் முதுகைத் தவிர வேறென்ன தெரியும்? போரிவலி நிலையத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கமாக நடந்தால் இருபது நிமிடங்களுக்குள் நெடுஞ்சாலையைக் கடந்து வாயிலை அடைந்துவிடலாம். பலகையில் உள்ள பெயர் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. ஆட்டோக்காரரிடம் 'நேஷனல் பார்க்' என்றால் போதும். பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். இதன் நடுவே துளசி, விஹார் என்று இரண்டு ஏரிகள் உள்ளன. விஹார் 1860இலும் துளசி 1879இலும் கட்டி முடிக்கப்பெற்றவை. இன்றும் மாநகரின் குடிநீரில் ஒரு சிறு பங்கு இவற்றிலிருந்தே வருகிறது. ஏரிகளுக்கு நீர் பிடித்துத் தரும் சரிவுகள் என்று காப்பாற்றப்பட்டதும் இக்காடு கோடரிக்குத் தப்பியதற்கு ஒரு காரணம். தஹிசர் ஆறு பிறப்பதும் இங்கேதான்.

கருங்கல்லைக் குடைந்து பௌத்தத் துறவிகள் அமைத்த கன்னேரிக் குகைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை இக்காட்டினுள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாக ஒரு நாளும் இப்பகுதியில் தனியாக ஓர் இதழும் வேண்டும். இப்போது நாம் சொல்லப் போவது சிலோண்டா என்னும் காட்டுப் பாதையை. கன்னேரிக்குச் செல்லும் தார்ச்சாலையினின்று பிரிந்து மரங்களுக்கிடையே போய் ஓர் ஓடையை அடைகிற ஒற்றையடிப் பாதை அது. செங்குத்தான ஏற்றம் ஒன்றும் இல்லை. நினைத்தவுடன் நுழைந்துவிடவும் முடியாது. பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்று, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். சிறுத்தைகள் வாழும் காடு என்பதை மறந்துவிடலாகாது.

நம் தாயாரை அங்கே அழைத்துச் செல்லும் எண்ணம் முதலில் நமக்கு இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆவணியில் தந்தையார் காலமானார். கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்துச் சிற்றூரில் தாயாரைத் தனியே விட மனமில்லாமல், ஐப்பசியில் மும்பைக்கு அழைத்து வந்தோம். நம் ரயில்வே குடியிருப்பு நான்காம் மாடியில் உள்ளது. மின்தூக்கி கிடையாது. ஒரு மின்விசிறி, ஒரு கட்டில், தமிழ் பேசும் தொலைக்காட்சி, வேளைக்குச் சாப்பாடு என்று குறைவில்லாமல் பார்த்துக்கொள்வதாகவே எண்ணியிருந்தோம். மாதுங்காவில் கோயிலுக்கும், ஜுஹுக் கடற்கரைக்கும், குளிர்சாதனம் செய்த பெரிய அங்காடி ஒன்றுக்கும் அழைத்துச் சென்றோம். அங்காடியில் நகரும் படியைக் கண்டு அஞ்சிக் கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கார்த்திகைக்குப் பிறகு கீழே இறங்குவதே நின்றுபோயிற்று. கேட்டால் முழங்கால் வலி என்பார். மாலையில் நாம் அலுவலகத்திலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது, தினமும் தவறாமல் ஒரே கேள்வி.

"எய்யா, எனக்கு எப்பம் டிக்கெட்டு எடுக்கப் போற?"

ஊரார் சீட்டுக்கெல்லாம் கணக்கு எழுதும் குமாஸ்தா, பெற்ற தாய்க்கு ஒரு சீட்டு எடுக்கவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அவரை எப்படி அனுப்புவது? நாளைக்கு, பொங்கல் கழியட்டும், வண்டியில் இடம் இல்லை என்று பொய் சொல்லி வந்தோம். கடைசிப் பொய்யைச் சொல்வதற்கு மட்டும் நாம் கூசவில்லை. நாகர்கோவில் வண்டியில் பெரும்பாலான நாட்களில் அது மெய்யாகவே இருந்துவிடும்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் நம் மகனை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அவனுக்குப் பத்து வயது. ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறான். தமிழ், நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் கற்றது. (அன்றைய வகுப்புக்கு வராததை ஆசிரியர் பொறுத்தருள்க.) முதல் நாளிரவு அவன் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது தாயார், "எங்கலே போறிய?" என்று கேட்டார். "காட்டுக்கு, ஆச்சி" என்றான். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "நானும் வாரேன்" என்றார்.

இல்லாள் நம்மைச் சமையலறைக்கு அழைத்து, "அத்தையால் மாடிப்படியே இறங்க முடியவில்லை. காட்டில் எப்படி நடப்பார்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள். நமக்கும் அதே ஐயந்தான். ஆயினும் நான்கு மாதங்களில் அவர் கேட்ட முதல் காரியம் அது. மறுக்க வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புறப்படுவோருக்கு ஒரு வார்த்தை. அன்று தண்டவாளப் பராமரிப்புக்காக மெகா பிளாக் வைத்துப் புறநகர் வண்டிகளை நிறுத்துவதும் தடம் மாற்றி விடுவதும் உண்டு. பெரும்பாலும் முற்பகலில் தொடங்கிவிடும். ஆதலால் விடியற்காலை வண்டியைப் பிடித்துவிடுவதே நல்லது. மத்திய ரயில்வே பக்கம் குடியிருப்போர் தாதரில் மாறிக்கொள்ளலாம். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.

வாயிலுக்குள் நுழைந்ததும் தாயாரின் முகம் வாடிற்று. நடைப்பயிற்சிக்கு வந்தோர் கூட்டம், சைக்கிள் வாடகைக்கு விடுவோர், குரங்குக்குப் பயந்து பையை அணைத்துக்கொண்டு நிற்கும் பெண்கள். "இதுவா காடு?" என்றார். நாம் பதில் சொல்லவில்லை.

வழிகாட்டியாக வந்தவர் இருபத்தைந்து வயது இளைஞர். காட்டினுள்ளே இருக்கும் வார்லிப் பழங்குடியினரின் குடியிருப்பொன்றில் பிறந்து வளர்ந்தவராம். கைபேசியை ஓசையடக்கி வையுங்கள், குப்பை போடாதீர்கள், எதையும் பறிக்காதீர்கள், உதிர்ந்த இலையைக்கூட எடுத்துப் போகாதீர்கள் என்று மராத்தியில் சொல்லிவிட்டுத் தாயாரைப் பார்த்தார். அவர் காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. "ஆஜி நடப்பார்களா?" என்று நம்மிடம் கேட்டார். மராத்தியில் ஆஜி என்றால் பாட்டி. தாயார் சட்டென்று நிமிர்ந்து, "இந்தப் பிள்ளை என்னை ஆச்சிங்குது! நம்மூர்ப் பையனா?" என்றார். இல்லையென்று விளக்கினோம். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

தார்ச்சாலையை விட்டுப் பாதையில் இறங்கியதும் ஒலி மாறிற்று. மாசி மாதம் இக்காட்டில் இலையுதிரும் காலம். தேக்கிலைகள் அப்பளம்போல் உலர்ந்து பாதையெங்கும் கிடந்து, காலடியில் நொறுங்கின. அவ்வோசைக்கு மேல், கண்ணுக்குத் தெரியாத கிளையிலிருந்து குக்குறுவான் ஒன்று, செம்பு தட்டும் கன்னானைப்போல் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. தாயார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வேண்டாம் அம்மா, முள் இருக்கும் என்றோம். "எனக்கா முள்ளைப் பத்திச் சொல்லுத?" என்று முன்னே நடந்தார்.

சிறிது தூரத்தில் இலையே இல்லாத ஒரு மரம் கிளை கிளையாகத் தீப்பற்றியதுபோல் பூத்து நின்றது. வழிகாட்டி கையை நீட்டி, "பளஸ்" என்றார். தாயாரும் அதே கணத்தில் "புரசு" என்றார். பலாசு என்று நாம் ஏட்டில் படித்திருக்கிற மரம் அதுதான் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. மூன்று மூன்றாக விடும் அதன் இலையைத் தைத்துச் சாப்பாட்டுக்கு இலையாக்குவதைத் தாயார் கையால் காட்ட, அந்த இளைஞர் பெரிதாகத் தலையசைத்துத் தம் வீட்டிலும் அப்படியே என்றார். ஒருவர் பேசியது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நாம் இடையே நின்று மொழிபெயர்க்க முயன்றோம். விரைவிலேயே இருவரும் நம்மைப் பொருட்படுத்துவதை விட்டுவிட்டனர்.

அதன்பின் நடந்தது ஒரு பரீட்சை போலிருந்தது. அவர் ஒரு மரத்தைத் தொட்டு, "கரஞ்ஜ்" என்பார். தாயார், "புங்கு" என்பார். தண்டெல்லாம் முள்ளும் உச்சியில் சிவந்த பூவுமாக நின்றதை அவர் "சாவர்" என்க, இவர் "இலவு" என்றார். முதலைத் தோல்போல் பட்டை வெடித்த மரத்தை அவர் "ஐன்" என்றார். இவர் அதன் பட்டையைத் தடவிப் பார்த்து, "கருமருது" என்றார். நம் மகன் பையிலிருந்து நோட்டை எடுத்து இரண்டு பெயர்களையும் எதிரெதிரே தமிழிலேயே எழுதத் தொடங்கினான். எந்த ரகரம் என்று ஆச்சியைக் கேட்டான். ஆச்சிக்கு மரம் தெரியும், எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரிந்த நமக்கோ மரம் தெரியவில்லை. அம்மலையடிவாரத்திலேயே பதினேழு வயது வரை வளர்ந்தவர் நாம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே தேர்வுக்குப் படித்து, வடக்கே வண்டியேறும் வரையில் நாள்தோறும் இம்மரங்களின் நிழலில்தான் நடந்திருப்போம்.

இதிலொரு செய்தி உண்டு. தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் குமரி முனை வரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் ஓடும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய குன்றுகளே போரிவலிக் குன்றுகள். அதே தொடரின் தென்கோடியில் இருக்கிறது நம் தாயார் சிறுமியாக இருந்தபோது விறகு பொறுக்கிய மலை. இதனை வழியில் அவரிடம் சொன்னோம். "அப்பம் இங்கேருந்து மலையோடயே நடந்தா ஊருக்குப் போயிரலாமா?" என்று கேட்டார். போகலாம் என்றோம். "டிக்கெட்டு வேண்டாம்னு சொல்லு" என்று சிரித்தார். தந்தையார் மறைந்தபின் நாம் கண்ட முதல் சிரிப்பு அது.

ஓரிடத்தில் சரிவு முழுவதும் ஆள் உயரக் குச்சிகள் காய்ந்து நின்றன. அது கார்வி. எட்டாண்டுக்கு ஒருமுறை ஊதா நிறத்தில் சரிவு முழுதும் பூத்து, விதை முற்றியபின் பட்டுப்போகும் செடி. நம் மலைகளில் பன்னிரண்டாண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு. 2016இல் பூத்தது, பின் 2024இல் பூத்தது. இனி 2032இல்தான். இக்குச்சிகளை வரிந்து கட்டி மண் பூசித்தான் தம் முன்னோர் வீட்டுச் சுவர் எழுப்பினர் என்றார் வழிகாட்டி. நம் மகன் விரல்விட்டு எண்ணி, அடுத்த முறை பூக்கையில் தான் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். தாயார் கணக்கிடவில்லை.

ஓடையை அடைவதற்குச் சற்று முன்னர் ஒரு சங்கடம் நேர்ந்தது. பாதையோரம் மெலிந்த மரமொன்றில் குச்சி போன்ற நீண்ட காய்கள் இரண்டிரண்டாக, நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கின. இலைகள் பெரும்பாலும் உதிர்ந்து, தாழ்ந்த கிளையில் மட்டும் ஒரு கொத்து மீதியிருந்தது. வழிகாட்டி "காளா குடா" என்று சொல்லி வாயை மூடுமுன் தாயார், "வெப்பாலை!" என்று கூவிக் கிளையை வளைத்துவிட்டார். பேரனின் முழங்கையில் ஒரு தோல் படை வெகுநாளாக இருக்கிறது. வெப்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக மாறும். அதைத் தடவினால் படை போய்விடும் என்பது நம் ஊர்ப் பக்கத்து வழக்கம். (மருத்துவரிடமும் காட்டியிருக்கிறோம். கவலை வேண்டா.)

இளைஞர் பணிவாகத்தான் தடுத்தார். "நகோ, ஆஜி." வேண்டாம் பாட்டி என்பது பொருள். தாயார் கிளையை விடவில்லை. "காட்டிலே இலை பறிக்க யாரைலே கேக்கணும்?" என்று நம்மிடம் திரும்பினார். குரலில் நடுக்கம் இருந்தது. ஐப்பசியிலிருந்து அவருக்கு உரிமையென்று சொல்லிக்கொள்ள நம் வீட்டில் ஒரு சாமானும் இல்லை. அடுப்பு மருமகளுடையது. கட்டில் பேரனுடையது. இந்த ஓர் இலைக்கொத்து தம்முடையது என்று நினைத்துவிட்டார் போலும். இது இப்போது எழுதுகையில் நமக்குத் தோன்றுகிறது. அப்போது தோன்றியதெல்லாம் அபராதம் கட்ட நேருமோ என்னும் அச்சமே. சட்டத்தைப் பற்றி நாமும் இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிட்டோம்.

அவ்விளைஞர் செய்ததுதான் சரி. அவர் நம்மை விலக்கிவிட்டுத் தாயாரின் அருகில் போய், அவர் வளைத்திருந்த கிளையைத் தாமும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். தம் பாட்டியும் இந்த மரத்தைத் தேடித்தான் வருவார், தோலுக்கு மருந்து என்று அவரும் சொல்வார், ஆனால் நாளொன்றுக்கு இவ்வழியே போகிறவர் எல்லாரும் ஒரு கொத்துப் பறித்தால் மரம் என்னவாகும் என்று மராத்தியில் மெல்லச் சொன்னார். நாம் அதைத் தமிழில் சொன்னோம். தாயார் வெகுநேரம் மரத்தைப் பார்த்தார். பின், "அவன் சொல்லுததும் வாஸ்தவந்தான். ஒத்தைக் கொத்துதானே கிடக்கு" என்று கிளையை விட்டார். அது மேலே போய் ஆடி நின்றது.

ஓடை மாசியில் ஓடுவதில்லை. கரும்பாறைகளுக்கிடையே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. காலை நனைத்துக்கொண்டு அமர்ந்தோம். கொண்டுபோன புளியோதரையை வாயிலுக்கு வெளியே வந்த பின்பே பிரித்தோம். உணவின் வாசனை குரங்குகளுக்கு எட்டினால் பிறகு உலா நம்முடையதன்று. குட்டைக்கு அப்பால் நின்ற ஒரு மரம் அடிமுதல் நுனிவரை வெள்ளை வெளேரென்று இருந்தது. வழிகாட்டி "காண்டோள்" என்றார். எல்லாரும் தாயாரைப் பார்த்தோம். அவர் உற்று நோக்கி உதட்டைப் பிதுக்கினார். தெரியாதாம். நோட்டில் அந்த மரத்துக்கு எதிரே தமிழ்ப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. வாசகரில் அறிந்தோர் எழுதினால் நம் மகன் நிரப்பிக்கொள்வான்.

இரண்டு மணி நேரத்து நடை என்றார்கள். நமக்கு மூன்றரை மணியாயிற்று. தாமதத்துக்குக் காரணம் முழங்கால் அன்று. மரத்துக்கு மரம் நின்றதுதான். திரும்பும் வழியில் கருத்து நீண்ட குழல்கள்போல் காய் தொங்கும் மரமொன்றைக் காட்டி, "பஹாவா" என்றார் அவர். "கொன்னை" என்ற தாயார், அது எப்போது பூக்கும் என்று கேட்கச் சொன்னார். சித்திரையில், மரமே தெரியாமல் மஞ்சளாகப் பூக்கும் என்றார் இளைஞர்.

வீட்டுக்கு வந்து நான்கு மாடியும் தாயார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தாமே ஏறினார். மறுநாள் ஊரில் இருக்கும் தம் தங்கையிடம் தொலைபேசியில் பேசினார். பத்து நாட்களில், அங்கிருந்து வந்த உறவினர் ஒருவர் கையில் செய்தித்தாளில் பொதிந்து ஒரு பொட்டலம் வந்தது. தோட்டத்து வேலியில் நின்ற வெப்பாலையில் பறித்த இலை. நம் வீட்டுச் சன்னல் விளிம்பில் இப்போது ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. வெயில் நகர நகர அதையும் நகர்த்தி வைப்பது தாயாரின் வேலை. வேறு எவரும் தொடக்கூடாது. எண்ணெய் கருநீலமாகிவிட்டது. படை குறைந்ததா என்று நம்மைக் கேட்க வேண்டா. குறைந்துவிட்டதாக ஆச்சியும், இல்லையென்று பேரனும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற வாரம் நாமே சென்று, "அம்மா, பங்குனிக் கடைசியில் நாகர்கோவில் வண்டியில் இடம் இருக்கிறது. எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டோம். இம்முறை பொய்யில்லை. புட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "கொன்னை பூத்த பொறவு பாப்போம்" என்றார்.

ஆகவே சித்திரையில் ஒரு ஞாயிறு மீண்டும் சிலோண்டாவுக்குப் போகிறோம். உடன் வர விரும்பும் குடும்பத்தினர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பதினைந்து பேருக்கு மேல் வேண்டா. மங்கிய நிறத்து உடை, ஆளுக்கு ஒரு பாட்டில் குடிநீர், பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் போதும். வீட்டில் முழங்கால் வலி என்று கீழே இறங்காமல் இருக்கும் பெரியவர்கள் எவரேனும் இருப்பின், அவர்கள் பெயரை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.